பிளாஸ்டிக் ஆன்ட்டா, மெட்டல் ஆன்ட்டா: முதல் சண்டை ரோபோவுக்கு எது?

மகளும் நானும், ரிமோட்டில் ஓட்டி அரங்கில் மோதவிடும் சண்டை ரோபோ செய்வதென்று இறங்கியதுமே, எந்தப் பிரிவில் சேர்வது என்று வாக்குவாதம் வந்துவிட்டது. அமெரிக்கப் போட்டிகளில் 1 பவுண்டுக்குள், அதாவது 454 கிராமுக்குள் இருப்பவை ஆன்ட்வெயிட், சுருக்கமாக ஆன்ட். அதிலேயே இரண்டு கிளை. ஒன்றில் எந்தப் பொருளையும் போடலாம், அதைத்தான் இங்கே மெட்டல் என்கிறேன். இன்னொன்றில் உடம்பும் ஆயுதமும் பிஎல்ஏ, பிஇடிஜி, ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்காகத்தான் இருக்க வேண்டும். மோட்டார், பேட்டரி, ஸ்க்ரூ, அச்சுத் தண்டுக்கு மட்டும் விலக்கு. நாங்கள் பிளாஸ்டிக் எடுத்தோம். திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மெட்டலில் செலவு கூடும், பிளாஸ்டிக்கில் குறையும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். என்னைப் பொறுத்தவரை முடிவு செய்ய வேண்டிய விஷயம் ரிப்பேர். ஒரு சண்டை இரண்டு மூன்று நிமிஷம்தான், ஆனால் ஒரே நாளில் பல சண்டை வரும், நடுவில் கிடைக்கும் கொஞ்ச நேரத்துக்குள் சார்ஜ் போட்டு, சக்கரத்தில் சுற்றிய குப்பையை எடுத்து, உடைந்ததையும் சரிசெய்ய வேண்டும். பிளாஸ்டிக் என்றால் மாற்று உடம்பும், சுழன்று அடிக்கும் பிளேடுகளும் முந்தின வாரமே 3டி பிரிண்டரில் பிரிண்ட் போட்டு டப்பாவில் தயாராக இருக்கும். மூலை பெயர்ந்துவிட்டதா, ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே இருப்பதை அப்படியே புது உடம்புக்கு மாற்றிவிடலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பிளாஸ்டிக்கில் நேராக ஏற்றிய ஸ்க்ரூ சில தடவை கழற்றி மாட்டியதும் பிடிக்காமல் வெறுமனே சுற்றும். உள்ளே மரை உள்ள சின்னப் பித்தளை வளையத்தை (இன்சர்ட்) சால்டரிங் அயர்னால் சூடாக்கி துளைக்குள் இறக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

மெட்டலில் கதை வேறு. எஃகின் அடர்த்தி பிஎல்ஏவைப் போல ஆறு மடங்குக்கு மேல். ஒரே வடிவம், ஒரே வேகம் என்றால் எஃகு பிளேடு தேக்கிவைக்கும் ஆற்றலும் அத்தனை மடங்கு. அடி வாங்கியவனுக்கு மட்டுமல்ல, அடித்தவனுக்கும் அதில் பங்கு உண்டு. அச்சுத் தண்டு வளையும், கியர் பல் உதிரும், மோட்டாரின் வெளிக்கூடு நசுங்கி உள்ளே காந்தம் உரசும். இது எதையும் பிரிண்ட் போட முடியாது, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், அதுவும் போட்டி நாளில் பக்கத்து மேஜைக்காரர் புண்ணியத்தில் கிடைத்தால் உண்டு.

சரி, மெட்டலுக்கு என்னதான் இருக்கிறது? சுழலும் ஆயுதமே வேண்டாம், முன்னால் டைட்டானியம் சரிவுப் பலகையை வைத்துத் தள்ளியும் தூக்கியும் ஜெயிக்கிறேன் என்பவருக்கு மெட்டல்தான் சரி, அந்த மாதிரி வண்டியில் ரிப்பேரும் குறைவு. விற்கும்போதும் மெட்டலுக்கு மதிப்பு அதிகம் என்கிறார்கள், நாங்கள் இன்னும் எதையும் விற்கவில்லை. இதைவிடப் பெரிய பிரிவான 3 பவுண்டு பீட்டில்வெயிட்டை மற்றவர்கள் பிரித்து மாட்டும்போது கூட நின்று பார்த்ததோடு சரி, அதனால் அதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.

பாதுகாப்பு விதிகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ரேடியோ சிக்னல் அறுந்தால் ஆயுதமும் சக்கரமும் தானாக நிற்க வேண்டும், சுழலும் ஆயுதம் 60 வினாடிக்குள் அடங்க வேண்டும், கரண்ட் ஓடுகிறது என்று காட்ட விளக்கு வேண்டும், அரங்குக்கு வெளியே ஆயுதத்தில் பூட்டு வேண்டும். "பிளாஸ்டிக்தானே" என்று நினைத்து வீட்டு மேஜையில் ஓட்டிப் பார்க்காதீர்கள். 10 செ.மீ. விட்டமுள்ள பிளேடு நிமிஷத்துக்கு 15,000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு ஏறக்குறைய 280 கி.மீ. வேகத்தில் போகும், உடையும் சில்லும் அதே வேகத்தில்தான் கிளம்பும். சில்லைத் தடுக்கும் கெட்டியான பாலிகார்பனேட் பிளாஸ்டிக் பெட்டி இல்லையென்றால் ஆயுதத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டும் பழக்கத்தை மட்டும் பழகுங்கள். அப்புறம் லித்தியம் பாலிமர் பேட்டரி, அது எந்த உடம்புக்குள் இருந்தாலும் ஒரே மாதிரிதான் எரியும். தீ தாங்கும் பையில் வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போதுதான் சார்ஜ் போட வேண்டும்.

பிளாஸ்டிக் என்று முடிவானால், பிரிண்டருக்குப் பிளாஸ்டிக் இழைச் சுருள் வாங்கும் முன் நீங்கள் போகும் போட்டியின் அனுமதிப் பட்டியலைப் பாருங்கள். ரப்பர் போல் வளையும் டிபியுவில் உடம்பு செய்ய இந்தப் பிரிவில் பெரும்பாலும் விட மாட்டார்கள்.