முதல் மாலைக்குச் சங்கிலியா, மணிக்கயிறா?

குரோஷேயில், அதாவது கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கலையில், மணி மாலை பின்ன ஆசைப்படும் எல்லோர் கண்ணும் முதலில் போவது மணிக்கயிற்றின் மேல்தான். நூலே தெரியாமல் உருண்டு திரண்டு கிடக்கும் அதைப் பார்த்தபின் சாதாரணச் சங்கிலி மாலையில் ஆரம்பிக்க மனசு வராது. ஆனாலும் முதலில் சங்கிலிதான் என்பேன்.

இரண்டிலும் மணிகளை முன்கூட்டியே நூலில் கோர்த்துவிட வேண்டும். சங்கிலியில் ஒரு மணியை ஊசியருகே தள்ளி, நூலைச் சுற்றி இழுத்தால் அது கண்ணியில் மாட்டிக்கொள்ளும். இரண்டு வெறும் கண்ணி, அப்புறம் அடுத்த மணி. தப்பானால் இழுத்துப் பிரித்துவிடலாம். ஐந்தாறு இழைகளைச் சேர்த்து முறுக்கினால் மாலை தயார். கண்ணிகள் ஏற்ற இறக்கமாக இருந்தாலும் முறுக்கில் மறைந்துவிடும். கைக்கு நூலின் இறுக்கம் பழகுவதும் இங்கேதான்.

மணிக்கயிறு இவ்வளவு இளகாது. பொதுவாக ஆறு மணிகளை வட்டமாக இணைத்து ஸ்லிப் தையலில் (இழுத்த நூலை ஊசியில் இருக்கும் கண்ணி வழியாகவும் ஒரே இழுப்பில் எடுக்கும் தையல்) சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். முந்தைய சுற்று மணிக்கு இடப்பக்கம் ஊசியை நுழைத்து, அந்த மணியை வலப்பக்கம் தள்ளி, புது மணியை இறக்கி, நூலை இழுக்க வேண்டும். மணியைத் தள்ள மறந்தால் அது உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். மேல் சுற்று மணிகள் ஒரு வாக்கிலும், கீழே பூட்டிய மணிகள் வேறு வாக்கிலும் கிடக்கும். கீழே ஒன்று மட்டும் மேலே உள்ளதுபோல நின்றால் அங்கேதான் கோளாறு.

இதற்கு நல்ல உபாயம் ஒன்று உண்டு. ஆறு நிறங்களை ஒரே வரிசையில் திரும்பத் திரும்பக் கோர்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு சிவப்பின் மேல்தான் உட்கார வேண்டும். நீலத்தின் மேல் உட்கார்ந்தால் முந்தைய தையல்களில் எங்கோ தவறியிருக்கிறது, அங்கேயே பிரித்துவிடலாம். கோர்க்கும்போதே ஒரு மணி அதிகமாகிவிட்டால், மொத்தத்தையும் உருவ வேண்டாம். துளைக்குள் ஒரு தையல் ஊசியைக் கொடுத்து, குறடால் அந்த மணியை மட்டும் உடைக்கலாம், நூல் அறுபடாது. சில்லு தெறிக்கும், கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

மணியின் எண் கூடக்கூட அளவு சிறுக்கும். 11/0 என்பது சுமார் 2 மி.மீ., 8/0 சுமார் 3 மி.மீ. கயிற்றுக்கு 11/0தான் அழகு, ஆனால் பழக 8/0 எடுங்கள். சங்கிலிக்கு எந்த அளவும் சரி, துளையில் நூல் நுழைந்தால் போதும்.

மெல்லிய கம்பியில் பின்னுவதும் உண்டு. ஒருமுறை மடிந்த கம்பி பழையபடி நிமிராது, அதனால் இப்போதைக்கு வேண்டாம்.

கயிற்றின் முதல் சில சுற்றுகள் கொழகொழவென்றுதான் இருக்கும். நடுவில் ஒரு மெல்லிய குச்சியைச் செருகிக்கொண்டால் வட்டம் நிற்கும், அடுத்த மணி எங்கே போக வேண்டுமென்று தெரியும்.