எம்.2 எஸ்எஸ்டியா, 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியா: எதைப் பொருத்துவது எளிது?

எஸ்எஸ்டி என்பது கணினியில் தரவைச் சேமிக்கும் டிரைவ். எம்.2 என்பது மதர்போர்டிலேயே செருகும் மெல்லிய கார்டு; 2.5 அங்குல சாட்டா, கேபிளில் இணையும் சிறு பெட்டி. இரண்டுக்கும் முதல் வேலை ஒன்றுதான். கணினியை ஷட்டவுன் செய்து பவர் கேபிளைக் கழற்றுங்கள்; பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். பெயின்ட் அடிக்காத உலோகத்தைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள்.

எம்.2-வுக்குக் கேபிள் கிடையாது, ஆனால் நிதானம் வேண்டும். கார்டின் அளவு 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். மதர்போர்டில் அந்த நீளத்துக்குரிய துளையில் ஸ்டாண்ட்ஆஃப் (திருகைத் தாங்கும் சிறு தூண்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கார்டைச் சுமார் 30 டிகிரி சாய்த்து, ஸ்லாட்டுக்குள் இனி உள்ளே போகாது என்னும்வரை தள்ளுங்கள். கையை எடுத்தால் மறுமுனை லேசாக எழும்பி நிற்கும். அப்படித்தான் நிற்க வேண்டும். அதை அழுத்தித் திருகுங்கள். பிடித்ததும் நிறுத்திவிடுங்கள், திருகின் தலை தேய்ந்தால் கழற்றுவது பெரும்பாடு. ஹீட்சிங்க் (சூட்டைத் தணிக்கும் உலோகத் தகடு) இருந்தால், அதற்கும் கார்டுக்கும் இடையில் வரும் தெர்மல் பேடின் பிளாஸ்டிக் தாளை உரித்தே ஆக வேண்டும். சில மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பியதும் ஓரிரு சாட்டா போர்ட் செயலிழக்கும். பழைய டிஸ்க் திடீரெனக் காணவில்லையென்றால் மேனுவலில் அதைத் தேடுங்கள்.

சாட்டாவில் திருகுகளும் இரண்டு கேபிள்களும்தான். எல் வடிவ முனை என்பதால் தலைகீழாகப் போகாது. ஆபத்து வேறிடத்தில்: மாடுலர் பவர் சப்ளைக்கு (கேபிள்களைத் தனியே கழற்றக்கூடியது) வேறொரு மாடலின் கேபிளைச் செருகவே கூடாது. முனை பொருந்தும், உள்ளே பின்களின் (pin) வரிசை மாறியிருக்கும். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்தால் டிரைவ் கருகிவிடும்.

காலி ஸ்லாட் இருந்தால் எம்.2-வையே தேர்ந்தெடுங்கள். வாங்கும் முன், ஸ்லாட் ஏற்பது என்விஎம்இ-யா (சாட்டாவைவிட வேகமான இணைப்பு முறை) சாட்டாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எம்.2 வடிவில் இரண்டும் வருகின்றன.