யுனிவர்சல் டர்போ ஆயில் லைன் கிட்: குழாய் சரி, மரைதான் தகராறு

ஹோண்டா டி, பி சீரிஸ் இன்ஜின்களில் வெளியே வாங்கிய டர்போவை ஏற்றுகிறவர்கள் முதலில் தேடுவது, ஆன்லைனில் பிராண்டு பெயரே இல்லாமல் விற்கும் ‘டி3/டி4 யுனிவர்சல்’ ஆயில் லைன் கிட்டைத்தான் (டி3, டி4 என்பவை டர்போ வகைகள்; கிட், டர்போவுக்கு இன்ஜின் ஆயிலைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பு). ஸ்டீல் பின்னலிட்ட 4ஏஎன் குழாய் (ஏஎன் என்பது குழாய், ஃபிட்டிங் அளவுக்கான தரக்குறியீடு), ‘T’ வடிவப் பித்தளை டீ, டர்போவின் தலையில் மாட்டும் ஃபிளேஞ்சு, கேஸ்கெட், நாலைந்து அடாப்டர். ஐந்துக்கு மூன்று மார்க் தரலாம், அதுவும் குழாய்க்காக.

ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, பிளாக்கில் அந்த ஓட்டையிலேயே டீயை முடுக்கி ஆயில் எடுப்பதுதான் வழக்கம். ஹோண்டாவில் அது 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் தரக் கூம்பு மரை): அங்குலத்துக்கு 28 மரை, 55 டிகிரி. கிட்டில் வரும் டீ பெரும்பாலும் 1/8 என்பிடி (அமெரிக்கத் தரக் கூம்பு மரை): 27 மரை, 60 டிகிரி. முதல் இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும், ஆளை ஏமாற்றுவதே அதுதான். அப்புறம் இறுகும். ஸ்பேனரில் பலம் காட்டினால் அலுமினிய பிளாக்கின் மரை போகும், இல்லையென்றால் ஓட்டையோரம் விரிசல் விடும். பிஎஸ்பிடி ஆண் மரை அடாப்டரைத் தனியாக வாங்கிவிடுங்கள். ஸ்விட்சை டீயிலேயே தொங்கவிடவும் கூடாது; அதிர்வில் பித்தளைக் கழுத்து ஒடிந்தால் ஆயில் மொத்தமும் ரோட்டில். ஃபில்டருக்கு அடியில் உட்காரும் சாண்ட்விச் பிளேட் (ஹோண்டாவுக்கு எம்20×1.5 மரை) இதைவிட நிம்மதி.

டெஃப்ளான் டேப் வேண்டவே வேண்டாம். நைந்த ஒரு துணுக்கு போதும், ரெஸ்ட்ரிக்டரை (டர்போவுக்குப் போகும் ஆயிலைக் குறைக்கும் சிறு துளை) அடைத்துவிடும். கூம்பு மரைக்குத் திரவ சீலன்ட், முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுத் தடவினால் போதும். ஏஎன் ஃபிட்டிங்கில் 37 டிகிரி கூம்பு உலோகத்தோடு உலோகமாக உட்காரும், அங்கே எதையும் பூசக்கூடாது.

ரெஸ்ட்ரிக்டர் யாருக்கு வேண்டும் என்பதை விற்கிறவர்கள் சொல்வதில்லை. ஜர்னல் பேரிங் டர்போவின் தண்டு ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது; அதற்கு ரெஸ்ட்ரிக்டர் போடுவது பட்டினி போடுவது. குண்டுகளின் மேல் தண்டு சுழலும் பால் பேரிங்குக்கு வேண்டும். உச்ச ஆர்பிஎம்மில் டர்போ வாயில் 40–45 பிஎஸ்ஐ இருக்க வேண்டும் என்பது டர்போ தயாரிப்பாளரான காரெட் சொல்லும் அளவு. அதற்கு 1 மி.மீ. ஓட்டை பொதுவாகப் போதும், ஆனாலும் கேஜ் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. மாட்டுவதற்கு முன் ஃபிட்டிங்கை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். குண்டூசி அளவு ஓட்டை தெரிந்தால் ரெஸ்ட்ரிக்டர் இருக்கிறது.

கிட்டின் பெரிய குறை, திரும்பிப் போகும் பாதையைப் பற்றி அது வாயே திறக்காததுதான். பம்ப் தள்ளுவதால் ஆயில் உள்ளே வந்துவிடும். வெளியேற புவியீர்ப்பு மட்டுமே துணை. டர்போவில் சுழன்ற ஆயில் நுங்கும் நுரையுமாக இறங்கும், ஆகவே வரும் குழாயைவிடப் போகும் குழாய் பல மடங்கு அகலமாக இருக்க வேண்டும்: 10ஏஎன், உள்விட்டம் குறைந்தது அரை அங்குலம். டர்போவின் டிரெயின் வாய் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்குள் நிற்கட்டும். குழாய் வழியில் எங்கேயும் பள்ளமாகத் தொங்கக்கூடாது. சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) பற்றவைக்கும் பங், அதாவது டிரெயின் குழாயை மாட்டும் வாய், ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மட்டத்துக்குக் கீழே வைத்தால் நுரை எதிர்த்து நிற்கும். டர்போ தண்டில் இருப்பது பிஸ்டன் ரிங் மாதிரியான வளையம், ரப்பர் சீல் அல்ல. தேங்கிய ஆயில் அதைத் தாண்டி எக்ஸாஸ்ட்டுக்குள் வழியும். நீலப்புகையைப் பார்த்ததும் ‘டர்போ போச்சு’ என்று புதிது வாங்குகிறவர்கள் உண்டு, புதியதும் புகைக்கும். இன்ஜினின் உட்புற வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்துப்போனாலும் இதே கதைதான், அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

குழாயின் உட்சுவர் டெஃப்ளானா ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள். மேனிஃபோல்டு சூட்டில் ரப்பர் கெட்டிப்பட்டு உதிரும். குழாயைச் சூட்டிலிருந்து காக்கும் உறையான ஃபயர் ஸ்லீவ் கிட்டில் வராது. ஸ்டீல் பின்னல் உரசினால் வயரையும் ஹோஸையும் ரம்பம்போல அறுக்கும், கிளாம்ப் போட்டுத் தள்ளி நிறுத்துங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போ வாயில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, டர்போவின் கம்ப்ரசர் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு லைனை மாட்டுங்கள். இன்ஜெக்டர், இக்னிஷன் இரண்டின் இணைப்பையும் எடுத்துவிட்டு, டிரெயின் குழாயின் கீழ்முனையை ஒரு டப்பாவில் விட்டுச் சில வினாடிகள் கிராங்க் செய்யுங்கள், இடைவெளி விட்டுத் திரும்பவும். டப்பாவில் ஆயில் விழுந்த பிறகே டிரெயினைச் சம்ப்பில் மாட்டி, டிப்ஸ்டிக் பார்த்து, சாவியைத் திருப்ப வேண்டும்.