காய்ச்சலுக்கு இது எத்தனாவது நாள்? நெல்லை விடுதிகளில் சுகாதாரத் தகவல் பயன்படும் விதம்

பாளையங்கோட்டை, பேட்டை, அபிஷேகப்பட்டி பக்கத்துக் கல்லூரி விடுதிகளில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் தகவல் தேடும் வரிசை அநேகமாக ஒன்றுதான். முதலில் ரூம்மேட், அடுத்து மெடிக்கல் ஷாப், அப்புறம் யூடியூப், வீட்டு வாட்ஸ்அப் குரூப். 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணும், ஆரம்ப சுகாதார நிலையமும் கடைசியில்தான். அரசு இணையதளம் புராஜெக்ட் எழுதும்போது மட்டும். பல பருவம் பார்த்ததில் ஒன்று தெளிவு: என்ன நோய், என்ன மருந்து என்பது எங்கே தேடினாலும் கிடைத்துவிடுகிறது. எந்த நாளில் எதைச் செய்ய வேண்டும் என்பதுதான் கிடைப்பதில்லை. கோளாறு நடப்பதும் அங்கேதான்.

டெங்குவையே எடுத்துக்கொள்ளலாம். டெங்கு வைரஸின் புரதத்தை ரத்தத்தில் தேடும் என்எஸ்1 பரிசோதனையை, காய்ச்சல் தொடங்கி முதல் 5 நாளுக்குள் எடுத்தால்தான் நம்பலாம். அதற்குப் பிறகு ஐஜிஎம், அதாவது நோயை எதிர்த்து உடம்பு உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைப் பார்க்க வேண்டும். ஏழாம் நாள் போய் என்எஸ்1 மட்டும் எடுத்து, ‘நெகட்டிவ்’ என்று குரூப்பில் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுப்பவர்கள் நிறைய. முதல் நாள் என்பது காய்ச்சல் தொடங்கிய நாள். மாத்திரை போட்ட நாளும் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போன நாளும் இல்லை. இதைவிட ஆபத்தானது, காய்ச்சல் விட்டதும் வகுப்புக்குக் கிளம்புவது. மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான் சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்து நிற்க முடியாத சோர்வு, இதில் எது வந்தாலும் 108-தான். ரீல்ஸ் எல்லாம் ‘டெங்கு அறிகுறிகள்’ என்று காய்ச்சல், கண்வலி, மூட்டுவலியோடு முடித்துக்கொள்கின்றன. பார்க்க வேண்டியது அதற்கப்புறம் வருவது.

பிளேட்லெட் எண்ணை ஸ்டேட்டஸில் போடுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. அதே ரிப்போர்ட்டில், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹீமடோக்ரிட்டை (சில லேபில் பிசிவி என்று போட்டிருப்பார்கள்) யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது முந்தைய அளவைவிட 20 சதவீதம் ஏறினால் நீர் கசிகிறது என்று அர்த்தம். டாக்டர் தேடுவது அதைத்தான். அதனால் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் கையில் கொண்டுபோகவும்.

மெடிக்கல் ஷாப்பில் நடக்கும் பேச்சு இவ்வளவுதான்: “அண்ணாச்சி, காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க.” “எத்தனை வேளைக்கு தம்பி?” காய்ச்சல் எத்தனை நாளாக என்ற கேள்வி வராது. நாலு மாத்திரை, பட்டையை வெட்டி, காகித உறையில். பெயர் இருக்கும் பக்கம் வெட்டுப்பட்டுப் போவதால் உள்ளே இருப்பது பாராசிட்டமாலா, டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை கலந்ததா என்று பின்னால் டாக்டருக்கும் தெரியாது. டெங்கு சந்தேகம் இருக்கும்போது ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றும் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். பெயர் தெரிகிற மாதிரி பாராசிட்டமால் மட்டும் கேட்டு வாங்கி, 6 மணி நேர இடைவெளி விட்டுப் போடலாம். கூடவே சளி மாத்திரை போடுகிறவர்கள் அதிலும் பாராசிட்டமால் இருக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்கவும்.

வீட்டு குரூப்பில் பப்பாளி இலைச்சாறு வராமல் இருக்காது. இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கை மாறி வந்தது. எழுதியவர் யார் என்று தேடிப் பயனில்லை, தேதியும் இருக்காது. நிலவேம்புக் குடிநீர் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், நாள் எண்ணுவதை மட்டும் விட வேண்டாம்.

நம் ஊர்ப் பக்கம் அதிகம் தவறவிடுவது, புதரில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ். பேப்பரில் உண்ணிக் காய்ச்சல் என்று வரும். களக்காடு, அம்பாசமுத்திரம் பக்கம் லீவுக்குப் போய் வயலிலோ புதரிலோ திரிந்துவிட்டு வந்தால், பெரும்பாலும் 10, 12 நாள் கழித்து, விடுதியில் இருக்கும்போது காய்ச்சல் அடிக்கும். அதற்குள் ஊருக்குப் போனதே மறந்திருக்கும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கலாம். வலிக்காது என்பதால் கவனிக்க மாட்டார்கள், கூச்சத்தில் டாக்டரிடம் காட்டவும் மாட்டார்கள். டெங்கு இல்லை என்று வந்தும் ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால், இரண்டு வாரத்துக்கு முன் எங்கே இருந்தோம் என்பதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரைக்கே கட்டுப்படும் நோய் இது; தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். எலிக்காய்ச்சலும் இப்படித்தான். 2023 டிசம்பர் வெள்ளம் போன்ற நாட்களில் தேங்கிய தண்ணீரில் நடந்து, பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் வரும்.

நாய்க்கடிக்குத் தகவல் சுலபமாகக் கிடைக்கிறது, முடிப்பதுதான் இல்லை. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். பலர் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அரசு நிலையங்களில் தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28-ம் நாட்களில். தனியாரில் சதையில் போட்டால் 14-ம் நாளும் சேர்ந்து ஐந்து. செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போனதும் 28-ம் நாள் ஊசி காணாமல் போகும். சீட்டை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடரலாம். ரத்தம் வந்த கடி என்றால் இம்யூனோகுளோபுலினும் (காயத்தில் போடும் எதிர்ப்புப் பொருள் ஊசி) தேவை. அதற்கு நேராக ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கே (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) போய்விடுவது நல்லது.

104-ல் கேட்கிற கேள்விக்குத் தக்கதுதான் பதில். “காய்ச்சலா இருக்கு” என்றால் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். “மூணாவது நாள், 102 டிகிரி, இன்னிக்கு ரெண்டு தடவை வாந்தி” என்று சொன்னால் பேச்சே வேறு. மனநலத்துக்கு அரசு உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும் உண்டு. இதைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பது குறைவு. தெரிந்தவர்களும் அறையில் நாலு பேர் இருக்கும்போது பேச மாட்டார்கள், மொட்டைமாடிதான் இடம்.

மத்திய அரசின் நோய்க் கண்காணிப்புத் திட்டமான ஐடிஎஸ்பியின் வாராந்திர அறிக்கை புராஜெக்டுக்கு நல்லது: மாவட்டம், நோய், எத்தனை பேர், எப்போது தொடங்கியது, எல்லாம் இருக்கும். ஆனால் தாமதமாக வரும், அதுவும் ஆங்கிலத்தில். நோய்த்திரள், அதாவது ஓரிடத்தில் வழக்கத்தைவிட அதிகம் பேருக்கு வந்தது என்று பதிவானது மட்டுமே அதில் வரும் என்பதால், திருநெல்வேலி பெயர் இல்லை என்றால் நோயே இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

போஸ்டர்களில் பாதி, படமும் பெயரும்தான். கியூஆர் கோடு ஒட்டினால் அது ஆங்கில முகப்புப் பக்கத்துக்குப் போகிறது. சில விடுதிகளில் ராத்திரி போனையே வாங்கி வைத்துவிடுவார்கள். குளியலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிய அரைப்பக்கத் தாள்தான் படிக்கப்படுகிறது. அதில் முதல் நாள் முதல் ஏழாம் நாள் வரை ஏழு வரி, கீழே 104, 108, 14416, வார்டன் நம்பர். தண்ணீர்த் தொட்டி பக்கம் ஒட்டும் தாளில் ‘தண்ணீரைக் கொட்டு’ என்று மட்டும் போட்டால் பயனில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தும் மாதக்கணக்கில் தாங்கும். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று எழுதி, தேய்த்தவர் தேதி போட்டுக் கையெழுத்திட நாலு கட்டமும் விடவும்.