மார்க்சிஸ்ட்ஸ் இன்டர்நெட் ஆர்க்கைவ்: இலக்கியத்தை வர்க்கப் பார்வையில் படிப்பவருக்கு எந்த அளவுக்கு உதவும்?

இலக்கியமும் வர்க்கமும் பற்றிய கட்டுரைகளில் சுற்றிச் சுற்றி வரும் மேற்கோள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்கைப் பற்றி மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் சொன்னது, டால்ஸ்டாயைப் பற்றி லெனின் சொன்னது, அடித்தளமும் (பொருளாதாரம்) மேற்கட்டுமானமும் (அரசியல், சட்டம், கலை போன்றவை) என்று மார்க்ஸ் எழுதியது. இவற்றின் மூலத்தை முழுதாகப் படித்தவர்கள்தான் குறைவு. பெரும்பாலானவை நாலைந்து பக்கத்துக்கு மேல் போகாதவை, அத்தனையும் மார்க்சிஸ்ட்ஸ் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இந்தத் தளத்தில் காசில்லாமல் கிடைப்பவை. 1990-ல் ஸோடியாக் என்ற புனைபெயரில் ஒருவர் மார்க்ஸ், எங்கெல்ஸ் எழுத்துகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கியதில் பிறந்த நூலகம் இது. இன்றும் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்வதும் கிடையாது. பழைய பாணிப் பக்கங்கள் என்பதால் மந்தமான இணைப்பிலும் சட்டென்று திறக்கும்.

முகப்பு வழியாக நுழைந்தால் தொலைந்துபோவீர்கள். மார்க்ஸ்–எங்கெல்ஸ் பகுதிக்குள் 'இலக்கியமும் கலையும்' என்று பொருள்வாரியாகப் பிரித்த தனிப் பட்டியல் இருக்கிறது. அங்கே தொடங்குவது நல்லது. கடிதங்களைத் தேட இன்னொரு குறுக்குவழி: பக்க முகவரியின் கடைசித் துண்டு பெரும்பாலும் தேதிதான். 85_11_26 என்றால் 1885 நவம்பர் 26, நாவலாசிரியர் மின்னா கவுட்ஸ்கிக்கு எங்கெல்ஸ் எழுதியது. 90_09_21 என்றால் 1890 செப்டம்பரில் ஜோசப் பிளோக்குக்கு எழுதியது. ஆனால் இந்தத் தேதியை அப்படியே அடிக்குறிப்பில் போட்டுவிடக் கூடாது. ஆங்கில நாவலாசிரியர் மார்கரெட் ஹார்க்னெஸுக்கு எழுதிய கடிதத்தின் முகவரியில் 88_04_15 என்று இருக்கும். தொகுப்பு நூல்களோ '1888 ஏப்ரல் தொடக்கம்' என்றுதான் சொல்கின்றன.

இந்தத் தளத்தில் ஒன்றே ஒன்று படிக்க நேரம் இருக்கிறது என்றால் அந்த ஹார்க்னெஸ் கடிதத்தைப் படியுங்கள். லண்டன் ஈஸ்ட் எண்ட் தையல்காரப் பெண் ஒருத்தி நடுத்தர வர்க்க ஆண் ஒருவனிடம் ஏமாறும் கதையை ஜான் லா என்ற புனைபெயரில் ஹார்க்னெஸ் 1887-ல் வெளியிட்டார். எங்கெல்ஸ் முதலில் பாராட்டுகிறார், பிறகு குறை சொல்கிறார்: யதார்த்தவாதம் என்பது விவரங்களின் உண்மை மட்டுமல்ல, வகைமாதிரியான சூழலில் வகைமாதிரியான பாத்திரங்களை உண்மையாகக் காட்டுவதும்தான். 'வகைமாதிரி'யைச் 'சராசரி' என்று புரிந்துகொள்வதில்தான் பல ஆய்வேடுகள் சறுக்குகின்றன. சராசரித் தொழிலாளி எப்படி இருப்பான் என்று எங்கெல்ஸ் கேட்கவில்லை. அந்தக் கால வர்க்க உறவுகள் எந்தத் திசையில் நகர்கின்றனவோ அது பாத்திரத்தில் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார். தொழிலாளரைச் செயலற்ற கூட்டமாக, மேலிருந்து யாரோ வந்து கைதூக்கிவிட வேண்டியவர்களாகக் காட்டுவது 1800, 1810 வாக்கில் சரியாக இருந்திருக்கலாம், 1887-ல் அல்ல என்கிறார்.

மேற்கோள் எடுப்பவர்கள் இத்தோடு கத்தரித்துவிடுவார்கள். கடிதத்தின் கடைசிப் பத்தியில் எங்கெல்ஸ் கொஞ்சம் இறங்கி வருகிறார்: நாகரிக உலகில் ஈஸ்ட் எண்ட் அளவுக்கு எதிர்ப்புக் காட்டாத தொழிலாளர் வேறெங்கும் இல்லை, அதனால் நீங்கள் எழுதியதற்கும் காரணம் இருக்கலாம் என்கிறார். மூன்றே மாதத்தில், 1888 ஜூலையில், அதே ஈஸ்ட் எண்டில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்! கடிதத்தையும் அந்தத் தேதியையும் சேர்த்துப் படித்தால்தான் விவாதம் சூடுபிடிக்கும்.

பால்சாக் பகுதியும் இதே கடிதத்தில்தான். பால்சாக் அரசியலில் முடியாட்சி ஆதரவாளர், அனுதாபம் முழுக்க அழியப்போகிற பிரபுக்கள் பக்கம். ஆனால் அந்தப் பிரபுக்களையே மிகக் கூர்மையாகக் கிண்டல் செய்தவரும் அவர்தான், தன் சொந்தச் சார்புக்கு எதிராகவே எழுத நேர்ந்தது என்கிறார் எங்கெல்ஸ். 'ஆசிரியர் இன்ன வர்க்கம், ஆகவே படைப்பும் இன்ன வர்க்கம்' என்ற சூத்திர விமர்சனத்துக்கு இதைவிட நேரடியான மறுப்பு கிடையாது. லெனின் 1908-ல் டால்ஸ்டாயைப் பற்றி எழுதிய கட்டுரையைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அங்கும் வழி இதுதான்: எழுத்தாளரின் முரண்களை அவருடைய மனக்குழப்பமாகப் பார்க்காமல், ரஷ்ய விவசாயிகளின் வரலாற்று நிலையில் இருந்த முரண்களாகப் பார்ப்பது. பிளோக் கடிதத்தை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம். பொருளாதாரம் ஒன்றே தீர்மானிக்கிறது என்று தாங்கள் சொல்லவே இல்லை, கடைசிக் கணக்கில்தான் அது தீர்மானிக்கிறது என்கிறார் எங்கெல்ஸ் அதில். ட்ராட்ஸ்கி 'இலக்கியமும் புரட்சியும்' நூலின் ஐந்தாம் அத்தியாயத்தில் வடிவவாதிகளோடு (இலக்கியத்தில் வடிவமே முக்கியம் என்றவர்கள்) மல்லுக்கட்டுவதும் இங்கேயே கிடைக்கும். காரசாரமான வாசிப்பு.

குறைகளுக்கு வருவோம். பெரிய ஓட்டை 2014-ல் விழுந்தது. மார்க்ஸ்–எங்கெல்ஸ் ஆங்கிலத் தொகுப்பு நூல்கள் 50 தொகுதிகள். அவற்றின் பதிப்புரிமை வைத்திருக்கும் லாரன்ஸ் அண்ட் விஷார்ட் பதிப்பகம் கேட்டுக்கொண்டதால், அந்த ஆண்டு ஏப்ரல் 30-க்குள் அத்தொகுப்பிலிருந்து எடுத்த பக்கங்களைத் தளம் இறக்கிவிட்டது. பழைய மொழிபெயர்ப்புகள் உள்ளவை தப்பின. அதனால் ஒரு கடிதம் திறக்கும், அதற்கு வந்த பதில் திறக்காது. பழைய கட்டுரைகளில் உள்ள இணைப்புகள் செத்துக் கிடக்கும்.

இன்னொரு குறை கண்ணில் படாது, ஆனால் கெடுதல் அதிகம். பதிப்புரிமை காலாவதியானவை நிறைய இருக்கும், பிந்தியவை குறையும். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் 1937-ல் இறந்த பிரிட்டிஷ் மார்க்சிய விமர்சகர் கிறிஸ்டோபர் காட்வெல் கிடைப்பார். அவருக்குப் பிந்தைய விமர்சகர்களான ரேமண்ட் வில்லியம்ஸ், டெர்ரி ஈகிள்டன் நூல்களை முழுமையாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். இதை மட்டுமே படிப்பவருக்கு, மார்க்சிய விமர்சனம் 'பிரதிபலிப்பு' (இலக்கியம் சமூகத்தைக் கண்ணாடி போலக் காட்டுகிறது) என்ற சொல்லோடு நின்றுவிட்டது போலத் தோன்றும். மேலாதிக்கம் (ஆளும் வர்க்கம் மக்களின் சம்மதத்தைப் பெற்று ஆள்வது), உணர்வமைப்பு (ஒரு காலத்து மக்கள் வாழ்வை உணரும் விதம்) பற்றிய பிந்தைய விவாதங்களுக்கு அச்சு நூல்தான் கதி.

ஆய்வேட்டுக்கு மேற்கோள் எடுப்பவர்கள் பக்கத்தின் தலைப்பகுதியில் உள்ள சிறு எழுத்து விவரத்தைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்: எழுதிய ஆண்டு, எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது, யார் மொழிபெயர்ப்பு. லெனின் பக்கங்களில் தொகுதி எண்ணும் பக்க எண்ணும்கூட இருக்கும். பல பக்கங்களில் உரைக்குள் அச்சுப் பக்க எண் இல்லை, தட்டச்சுப் பிழைகளும் உண்டு. மேற்கோள் குறிக்குள் போடும் வரியை ஒருமுறை அச்சு நூலோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

தமிழ்ப் படைப்புகளை இந்தக் கண்ணால் படிக்க இந்தத் தளம் போதாது. அதற்கு 'நூலகம்' என்ற பெயருள்ள ஈழத்துத் தமிழ் எண்ணிம நூலக இணையதளத்துக்குப் போக வேண்டும். இலங்கையின் மார்க்சியத் திறனாய்வாளர்கள் க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோரின் நூல்கள் ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக அங்கே உண்டு. கைலாசபதி பர்மிங்ஹாமில் ஆய்வு செய்தது கிரேக்க நாடகத்தை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்த ஜார்ஜ் தாம்சனிடம். மார்க்சிஸ்ட்ஸ் ஆர்க்கைவில் கிரேக்கக் கலை பற்றி மார்க்ஸ் 1857 முன்னுரையில் எழுதிய இரண்டு பக்கங்களை முதலில் படித்துவிட்டு, அதன் பிறகு சங்கப் பாடல்களைப் பற்றிய கைலாசபதியின் வீரயுகக் கவிதை ஆய்வுக்குப் போங்கள். இரண்டுக்கும் நடுவே ஓடும் நூல் கையில் சிக்கும்.