கல்யாணப் பத்திரிகை ஆங்கிலத்துக்கு எந்த எழுத்துரு: கேரமாண்டா, பாஸ்கர்வில்லா?

ஓசூர்ப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்றும் ஒரே அட்டையில் வருவதுண்டு. தருமபுரியில் பெரும்பாலும் தமிழும் ஆங்கிலமும்தான். ஆங்கிலத்துக்குக் கணினியில் தயாராக இருக்கும் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவையே பல அச்சகங்கள் வைத்துவிடுகின்றன. 1932இல் லண்டன் நாளிதழின் ஒடுக்கமான பத்திகளுக்காக வந்த எழுத்து அது. நெருக்கிப் பிடிக்கும், இடம் மிச்சமாகும். பத்திரிகை அட்டையில் மிச்சம் பிடிக்க வேண்டியது இடம் இல்லையே!

கேரமாண்ட், 16ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் குளோட் கேரமாண்ட் வெட்டிய எழுத்துகளின் வழியில் வந்தது. பட்டை நிப் பேனாவால் எழுதியதுபோலச் சாய்வாகத் தடித்து மெலியும். சிறிய எழுத்துகளின் உயரம் குறைவு என்பதால் டைம்ஸ் 11 பாயிண்ட் (எழுத்தின் அளவு) இருந்த இடத்தில் இதை 12, 12.5 வைத்தால்தான் பெரியவர்களால் படிக்க முடியும். ஆங்கில 'e' எழுத்தின் கண், அதாவது உள்ளே இருக்கும் வெற்றிடம், மிகச் சிறியது. 9 பாயிண்டில் மை அடைத்துவிடும். ஆபீஸ் மென்பொருளோடு வரும் மோனோடைப் கேரமாண்ட், பிற்காலத்தில் ஜான்னோன் என்பவர் வெட்டிய எழுத்தைப் பார்த்துச் செய்தது; ஆஃப்செட் அச்சில் வெளிறித் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் ஈ.பி. கேரமாண்ட் 1592ஆம் ஆண்டு எழுத்து மாதிரித் தாளைப் பின்பற்றியது. பள்ளி மலர், கோயில் மலர் என்று 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாளில் பக்கம் பக்கமாக அடிக்க எங்கள் தேர்வு அதுதான்.

பாஸ்கர்வில்லில் தடிப்புக்கும் சன்னத்துக்கும் வித்தியாசம் அதிகம். 1750களில் பர்மிங்காமில் ஜான் பாஸ்கர்வில் தம் சன்னக் கோடுகள் தெளிவாக விழ, வழவழப்பான தாளையும் அடர்கறுப்பு மையையும் தேடினார். வழவழப்பான ஆர்ட் அட்டையில் ஆஃப்செட் அடித்தால் இதற்கு ஈடு கேரமாண்டில் கிடைக்காது.

சிக்கல், வலைத்துணி வழியாக மையைத் தள்ளி அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில்தான். 0.15 மி.மீ.க்குக் கீழே போகும் கோடு வலையில் நம்பி நிற்காது. பாஸ்கர்வில்லின் மெல்லிய கோடு 10 பாயிண்டில் ஏறக்குறைய அந்த அளவுக்கும் கீழே போவதால் அங்கங்கே அறுந்துவிடும். அரக்கு நிற அட்டையில் தங்க மையென்றால் 14 பாயிண்டுக்குக் குறைக்காதீர்கள். அல்லது சன்னக் கோடுகள் சற்றே தடித்த லிப்ரே பாஸ்கர்வில்லை எடுங்கள். அது அகலமானது, நீண்ட பெயர்கள் அடுத்த வரிக்குப் போகும். சன்னக் கோடுகள் இன்னும் மெலிந்த பொடோனி எழுத்துருவை ஸ்கிரீனுக்கு நினைக்கவே வேண்டாம்.

எண்களையும் பாருங்கள். ஜார்ஜியா எழுத்துருவில் 3, 4, 5, 7, 9 வரிக்குக் கீழே தொங்கும். முகூர்த்த நேரம் தமிழ் வரிக்கு நடுவே ஏறி இறங்கித் தெரியும். சம உயர எண்களையே வையுங்கள்.

பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பில் எல்லாவற்றையும் தேர்ந்து ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றினால், தமிழ் முழுதும் புரியாத ஆங்கிலக் குறிகளாகும். ஆங்கில வரியைத் தனிப் பெட்டியில் வையுங்கள். வீட்டார் பெயர்களைச் சரிபார்த்துக் கொடுத்த பிறகே கோரல் டிரா மென்பொருளில் கர்வ்ஸ் (எழுத்தை வெறும் கோட்டு உருவமாக்குவது) ஆக்குங்கள். அதற்குப் பின் ஓர் எழுத்தைக்கூடத் தட்டித் திருத்த முடியாது.