ஏபி லிட் சம்மர் ரீடிங்: கேட்ஸ்பியா, ஃப்ராங்கன்ஸ்டைனா, ஜேனியா?

அமெரிக்கால ஹைஸ்கூல்ல ஏபி லிட், அதாவது காலேஜ் லெவல் இங்கிலீஷ் இலக்கியப் பாடம், எடுக்கிற பசங்களுக்கு லீவு விடுறப்பவே டீச்சர் ஒரு புக் லிஸ்ட்ட கைல குடுத்துடுவாங்க, படிச்சு நோட்ஸ் எடுத்துட்டு வா, ஸ்கூல் தொறந்ததும் கட்டுரைன்னு. முக்கால்வாசி பேரு எது ஒல்லியா இருக்குன்னு பாத்துதான் எடுப்பாங்க. மே மாசம் வர்ற ஏபி பரீட்சைய மனசுல வச்சு எடுக்கணும்ங்கறது என் கட்சி.

ஏன்னா அதுல மூணு கட்டுரை, ரெண்டு மணி நேரம், மொத்த மார்க்ல 55 சதவீதம். முதல் ரெண்டுக்குக் கவிதையும் கதைப் பகுதியும் அவங்களே குடுத்துடுவாங்க. மூணாவதுக்கு கேள்வி மட்டும்தான், நாவல நீங்கதான் தேர்ந்தெடுக்கணும், புக்கத் தொறந்து பாக்கவும் முடியாது. கட்டுரைக்கு 6 பாயின்ட், தீசிஸுக்கு, அதாவது நீங்க வாதாடற மையக் கருத்துக்கு 1, எவிடன்ஸும் விளக்கமும் சேத்து 4, சோஃபிஸ்டிகேஷன்னு, அதாவது சிந்தனையோட ஆழத்துக்கு, மிச்சம் 1. அந்த 4-ஐ வாங்கணும்னா ஜூலைல படிச்ச சீன் அடுத்த மே வரைக்கும் தலைக்குள்ள நிக்கணும், அவ்ளோதான் விஷயம்.

தலைப்புல சொன்ன மூணு நாவலயும் ஒண்ணொண்ணா பாப்போம். முதல்ல ஃபிட்ஸ்ஜெரால்டோட 'தி கிரேட் கேட்ஸ்பி'. 1925, ஒம்போதே சேப்டர், ஒரு வீக்எண்ட்ல முடிச்சிடலாம், பலபேரு பதினொண்ணாங் கிளாஸ்லயே படிச்சும் இருப்பாங்க. அதுதான் சிக்கலே, எல்லாரும் கேட்ஸ்பி தூரத்துலேர்ந்து பாத்து ஏங்கற, டெய்சி வீட்டுப் பக்கத்துப் பச்சை லைட்டப் பத்தியே எழுதறாங்க, திருத்தறவங்களுக்கு அலுத்துப் போயிருக்கும். இதத்தான் எடுப்பேன்னா அஞ்சாவது சேப்டருக்குப் போங்க, பழைய காதலி டெய்சிய அஞ்சு வருஷம் கழிச்சுப் பாக்கற பதட்டத்துல கேட்ஸ்பி தலை பட்டு, கதை சொல்ற நிக்கோட வீட்டுக் கடிகாரம் சாயும், விழறதுக்குள்ள நடுங்கற கையால புடிச்சு வைப்பான். அது ஓடாத கடிகாரம் வேற. போன காலத்தத் திருப்பிக் கொண்டுவரப் பாக்கறவன் கைல நின்னுபோன கடிகாரம், ஒரு பாரா தாராளமா எழுதலாம்.

மேரி ஷெல்லியோட ஃப்ராங்கன்ஸ்டைனுக்குத்தான் என்னோட ஓட்டு, விக்டர் ஃப்ராங்கன்ஸ்டைன் ஒரு ஜீவன உருவாக்கிட்டு அத கைவிடற கதை. படிக்க ஆரம்பத்துல இழுக்கும், ஆரம்பத்துல வர்ற கப்பல் பயணி வால்டனோட லெட்டர்லாம் தாண்டறதுக்குள்ள கொட்டாவி வரும், ஆனா கேள்வி எதுவா இருந்தாலும் பொருந்துற மாதிரி இதுல சரக்கு இருக்கு: ரகசியம், தனிமை, அப்பன்-புள்ள, பழிவாங்கல், கதைக்குள்ள கதை. கண்ணு தெரியாத பெரியவர் டி லேசிகிட்ட அந்த ஜீவன் பேசற இடத்த மட்டும் எடுத்துக்கங்க, அந்தப் பெரியவர் அன்பாத்தான் பேசுவாரு, ஏன்னா அவருக்கு மூஞ்சி தெரியாது, மகன் ஃபெலிக்ஸ் உள்ள வந்து பாத்த நிமிஷம் கம்பால அடி விழும். இந்த ஒரு சீன வச்சே பாதிக் கட்டுரைய ஓட்டிடலாம். வாங்கறப்ப ஒண்ணப் பாத்துக்கங்க, 1818 பதிப்பும் 1831 பதிப்பும் வேற வேற, முதல்ல வந்தது மூணு வால்யூம், ஒவ்வொண்ணுலயும் சேப்டர் நம்பர் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கும், அதுல விக்டர் கட்டிக்கப் போற எலிசபெத் அவனுக்குச் சொந்த அத்தை பொண்ணு, பின்னாடி வந்ததுல எடுத்து வளத்த பொண்ணு. டீச்சர் எதச் சொன்னாங்கன்னு கேட்டுட்டு வாங்குங்க.

ஜோரா நீல் ஹர்ஸ்டன் 1937-ல எழுதின ஜேனி கதை, தெர் ஐஸ் வேர் வாட்சிங் காட், மூணுலயும் மனசத் தொடறது இதுதான். ஃப்ளோரிடா கறுப்பின மக்களோட பேச்சு வழக்குலயே வசனம் இருக்கறதால முதல் முப்பது பக்கம் தடுக்கும், ஆடியோபுக் கேட்டுக்கிட்டே படிச்சா சட்டுனு பிடிபட்டுடும். ரெண்டாவது புருஷன் ஜோ ஜேனி தலைமுடிய துணியால கட்டியே வச்சிருப்பான், அவன் செத்ததும் ஜேனி கண்ணாடி முன்னாடி நின்னு துணிய உருவிட்டு முடிய அவுத்து விட்டுப் பாப்பா, அப்புறம் திரும்பக் கட்டிக்கிட்டுதான் ஊரக் கூப்பிடுவா. அந்தத் திரும்பக் கட்டறத யாரும் கவனிக்கறதில்ல, மார்க் அங்கதான் இருக்கு. குரல், சுதந்திரம், கல்யாணம்னு கேள்வி வந்தா இத அடிச்சுக்க ஆளில்ல. காசுன்னு பாத்தா மத்த ரெண்டுக்கும் காப்பிரைட் முடிஞ்சதால நெட்ல ஃப்ரீ, இதுக்கு லைப்ரரிதான், லைப்ரரி புக்க ஃபோன்ல இரவல் வாங்கற லிபி ஆப்ல வெயிட்டிங் லிஸ்ட் இருக்கலாம், அதனால ஜூன்லயே போட்டு வைங்க.

நோட்ஸுக்கு வருவோம். ஓரத்துல ஹைலைட்டரால கோடு போட்டுட்டே போறது சுகமா இருக்கும், ஆனா செப்டம்பர்ல தொறந்து பாத்தா பக்கம் பூரா மஞ்சளா இருக்கும், ஏன் போட்டோம்னு தெரியாது. சம்மரி சைட்ட மட்டும் படிச்சா ஜேனிக்கு மூணு புருஷன்னு தெரியும், கண்ணாடி முன்னாடி அவ என்ன பண்ணான்னு மனசுல ஒட்டாது. நோட்டுப் பக்கத்த நடுவுல கோடு போட்டு ரெண்டாப் பிரிச்சு இடப்பக்கம் சீன், வலப்பக்கம் 'இது எதுக்கு இங்க இருக்கு'ன்னு சொந்தமா ரெண்டு வரி எழுதறதுதான் சரி, கை வலிக்கும்தான், ஒரு நாவலுக்கு எட்டுப் பத்து சீன் போதும். ஆகஸ்ட்ல நோட்ட மூடி வச்சுட்டு பழைய கேள்வி ஒண்ண எடுத்து 40 நிமிஷம் டைமர் போட்டு எழுதிப் பாருங்க, பரீட்சையும் இப்ப கம்ப்யூட்டர்லதான், அதனால டைப் பண்ணியே பழகுங்க.